வயதுவந்தோர் கல்வியில் கைப்பேசியும் தொலைநிலைக் கல்வியும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மாலை நேரக் கற்றல் மையங்களுக்கு வருவோரும், அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளும், புதிதாகச் சேரும் தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அகரம் எழுதத் தொடங்குபவர், பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க நினைப்பவர், பட்டம் பெற விரும்புபவர் என்று மூன்று வகையினர் கேட்கிறார்கள். ஒருவருக்கான விடை மற்றவருக்குப் பொருந்தாது என்பதால், தமக்குரிய கேள்வியை மட்டும் படித்தாலும் போதும்.

ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் கைப்பேசி வழியாக, படிப்பு ஏறுமா?

ஏறும். எங்கள் மையத்துக்கு வரும் நடவு வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு வயது ஐம்பத்தாறு. "எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது பாப்பா" என்றுதான் முதல் நாள் சொன்னார். ஆனால், திருப்பூரில் இருக்கும் மகனை அவன் படத்தைப் பார்த்து அழைக்கிறார், பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் வைத்துவிடலாம் என்று அறிந்திருக்கிறார், கும்பகோணம் பேருந்தை அதன் பலகையில் உள்ள எழுத்தின் நீளத்தைக் கொண்டே கண்டுபிடிக்கிறார். குறியீடுகளைப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பழக்கத்தை எழுத்தின் பக்கம் திருப்புவதே நம் வேலை.

தடை பெரும்பாலும் மூளையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய எவருக்கும் வெள்ளெழுத்து வருவது இயல்பு. சிறு திரையில் நூல் போலத் தெரியும் எழுத்தை உற்றுப் பார்த்துக் கண்ணீர் வழிந்தவுடன், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எனவே முதல் பாடத்துக்கு முன் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: அரசு மருத்துவமனையிலோ கண் முகாமிலோ பார்வையைச் சோதித்துக் கண்ணாடி வாங்கச் செய்வது ஒன்று, கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைப்பது மற்றொன்று. இரண்டாவது வேலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் ஒரு மாதத்தை வீணடித்த தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி.

ஒலி, ஒளிக் கருவி வழியாகப் பெரியவர்கள் கற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதா?

இல்லை. நாட்டுக்கே எடுத்துக்காட்டான ஒரு நிகழ்வு இங்கேதான் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு இந்தியா முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி.-27 என்ற குறுகிய கால நெல், குறுவைப் பருவத்துக்கு ஏற்றதாக 1960களின் நடுப்பகுதியில் பரவத் தொடங்கியது. அதன் சாகுபடி முறையைத் திருச்சி வானொலி நிலையம் பண்ணை நிகழ்ச்சிகளில் தொடர்ந்து ஒலிபரப்பியது. விதை கேட்டு வந்த விவசாயிகள் ஆராய்ச்சி நிலையம் சூட்டிய எண்ணைச் சொல்லவில்லை. 'ரேடியோ நெல்' என்றே கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த நெல்லைப் பயிரிட்டார்கள்.

இதை வானொலியின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மை விடுபட்டுப்போகும். ஒலிபரப்பு மாலையில், வேலை முடிந்து ஆட்கள் கூடும் நேரத்தில் வந்தது. கேட்டதை மறுநாள் வரப்பில் நின்று விளக்குவதற்கு ஊர் அளவில் வேளாண்மைப் பணியாளர் இருந்தார். கேட்ட விதை கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது காற்றோடு போன பேச்சாகவே முடிந்திருக்கும். இன்று ஒரு செயலியையோ காணொளித் தொடரையோ மதிப்பிடும்போதும் நான் இதே மூன்றைத்தான் முதலில் பார்க்கிறேன். நாகப்பட்டினம் மாவட்டத்தின் விழுந்தமாவடியில் இயங்கும் களஞ்சியம் சமுதாய வானொலியும், தேனிப் பக்கத்தில் ஆடு வளர்ப்பைக் கைப்பேசிக் குரல் செய்திகள் வழியே பெண்கள் கற்ற முயற்சியும் இதே வழியில் வந்தவை.

தொலைநிலைக் கல்வி என்றால் தொலைவில் இருப்போருக்கு மட்டும்தானா?

பெயர் அப்படி எண்ண வைக்கிறது. டெல்டாவில் மையம் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருக்கிறது. கற்பவருக்கும் பாடத்துக்கும் இடையே நிற்பது காலம். மேட்டூர் அணையில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். பின்னர் நடவு, களை, அறுவடை. அதன் மேலேயே சம்பா, தாளடி. பெண்கள் விடியற்காலையில் நடவுக்குப் போனால் வீடு திரும்பி உலை வைக்கும்போது இருட்டிவிடும். அந்த நாள்களில் மாலை ஏழு மணிக்கு வகுப்பு என்று அறிவித்தால், வருகைப் பதிவேட்டில் தன்னார்வலரின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஆகவே பாடத்திட்டத்தை ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடத்த முயல வேண்டாம் என்பது என் கருத்து. தை அறுவடை முடிந்து மாசி முதல் வைகாசி வரையில் வயலில் வேலை குறைந்திருக்கும் நாள்களில் நேரடி வகுப்பை நெருக்கமாக நடத்தலாம். நடவும் களையும் நடக்கும் மாதங்களில் நாளுக்கு ஒரு குரல்பதிவு மட்டும் அனுப்பலாம்: ஓர் எழுத்து, அதில் தொடங்கும் மூன்று சொற்கள், ஒரு கேள்வி. வரப்பில் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒருவர் கைப்பேசியைப் போட்டால் ஐந்து பேர் கேட்டுவிடுவார்கள். விடையையும் அவர்கள் குரலிலேயே அனுப்பலாம். ஒரு நிமிடக் குரல்பதிவு 1 எம்.பி.யைக்கூடத் தொடாது, அதே பாடத்தைக் காணொளியாக அனுப்பினால் அது பல மடங்கு ஆகும். மாதக் கடைசியில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு பெரியது.

செயலி மட்டும் போதுமா, ஆள் வேண்டுமா?

கணினி விரைவுபடுத்தும் என்பதற்குச் சான்று இருக்கிறது. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தெலுங்கில் தொடங்கிப் பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் கொண்டு வந்த கணினிவழி எழுத்தறிவு முறை, எழுத்தெழுத்தாகக் கற்பிக்காமல் முழுச் சொல்லைப் படத்தோடும் ஒலியோடும் காட்டி, ஏறத்தாழ 40 முதல் 45 மணி நேரத்தில் எளிய வாசிப்பு வரும்படி வடிவமைக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது, அது வாசிப்புக்கான கணக்கு. எழுதுவது வேறு வேலை, அதற்குக் கை பழக வேண்டும்.

கையும் திரையும் முரண்படும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். மேலே சொன்ன அம்மா சிலேட்டில் 'கெ' எழுதும்போது முதலில் கொம்பைப் போட்டுவிட்டு அதன் பிறகு 'க' எழுதுவார். நாம் எல்லோருமே அப்படித்தான் எழுதுகிறோம். கைப்பேசியின் விசைப்பலகையோ முதலில் 'க' என்பதைத் தொடச் சொல்கிறது. அதன் பின்னரே கொம்பைத் தருகிறது. அவர் தம் பேத்தியின் பெயரைத் தட்டச்சு செய்ய முயன்று, கொம்பைத் தேடித் தேடி, கடைசியில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, "நான் சரியாத்தான் போடுறேன், இதுக்குத்தான் தமிழ் தெரியல" என்றார். அவர் சொன்னது நியாயமே. ஒலி வரிசையில் முதலில் வருவது 'க்' என்னும் மெய். விசைப்பலகை ஒலியைப் பின்பற்றுகிறது, கை வடிவத்தைப் பின்பற்றுகிறது. இதை அருகில் உட்கார்ந்து ஒருவர் சொன்னால் ஒரே நாளில் புரிந்துவிடும். எந்தச் செயலியும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அதனால்தான் ஆள் வேண்டும் என்கிறேன். ஆனால் அந்த ஆள் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தியே போதும்.

கணக்குப் பாடத்துக்குத் தனிச் செயலி தேவையா?

எண்களை எழுதப் பழகத் தேவைப்படலாம். கணக்குப் போட யாரும் இவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. கூலியை மனத்திலேயே பிரிப்பார்கள், வட்டியைக் காசு சுத்தமாகச் சொல்வார்கள். சிக்கல் அலகு மாறும்போது வருகிறது. இங்கே நிலத்தை மா, குழி, வேலி என்று பேசுகிறோம்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். ஆனால் இணையத்தில் எடுக்கும் பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் 'ஏர்' என்ற அலகிலும் இருக்கிறது. ஓர் ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட் என்பதால், மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், அங்கே 40 ஏர் அளவில் நிற்கும். "என் நிலத்தைக் குறைச்சுட்டாங்க" என்று பட்டாத் தாளோடு பதறி வந்தவர்கள் உண்டு. அந்த ஒரு தாளை வைத்து எங்கள் மையத்தில் இரண்டு வாரம் பாடம் நடந்தது. தசமப் புள்ளி, பெருக்கல், கைப்பேசிக் கணிப்பான் மூன்றும் அதிலேயே வந்துவிட்டன. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு நூறு நாள் வேலையின் கூலி வரவைக் காட்டும் வங்கிப் பாஸ்புக் இதே பயனைத் தரும்.

உல்லாஸ் திட்டம் என்பது என்ன? அதில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் அழைப்புப் பெயர் அது. 2022 முதல் 2027 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த இத்திட்டம், 15 வயதும் அதற்கு மேலும் ஆன, எழுதப் படிக்கத் தெரியாத எவருக்கும் உரியது. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. கற்பவரும் கற்பிக்கும் தன்னார்வலரும் செயலியில் பதிவு செய்யப்படுகிறார்கள். முடிவில் வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடக்கிறது. தேறியவருக்குச் சான்றிதழ் உண்டு. அது எழுத்தறிவுச் சான்றிதழே. எட்டாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ ஈடானதாகாது. கட்டணம் இல்லை. தன்னார்வலருக்கு ஊதியமும் இல்லை என்பதைச் சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை வீட்டில் இருந்தபடியே முடிக்க முடியுமா?

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வுகளைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாக, எழுதுவது. எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. அதில் தேறியவர் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். முதன்முறையாக எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவைத் தவறவிட்டு ஓராண்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது வழி, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அங்கே பத்தாம் வகுப்புக்கு 14 வயது போதும். ஒரு முறை பதிவு செய்தால் அது ஐந்தாண்டு செல்லும். ஒன்பது முறை வரை தேர்வு எழுதலாம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே வரவு வைக்கப்படும். வேலைக்குப் போய்க்கொண்டே ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாடமாக முடிக்க விரும்புவோருக்கு இது ஏற்றது. தமிழ்நாடு அரசு வேலையோ பதவி உயர்வோதான் நோக்கம் என்றால், எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதைப் பணம் கட்டும் முன் உரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடத்துக்கு அரசின் கல்வித் தொலைக்காட்சியும் திக்‌ஷா இணையப் பாடத் தளமும் தமிழிலேயே இருக்கின்றன. பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டை (கியூ.ஆர். கட்டம்) கைப்பேசியால் வருடினால் அந்தப் பாடத்தின் காணொளி வந்துவிடும். தனியே பணம் கொடுத்துச் செயலி வாங்க வேண்டிய தேவை இல்லை.

தொலைநிலையில் பெறும் பட்டம் செல்லுமா?

அஞ்சல்வழிக் கல்வியை இந்த மண் நன்றாக அறியும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியபின், தபால்காரர் கொண்டு வந்து போடும் பழுப்பு உறைப் பாடப் புத்தகங்களைப் படித்தே எழுத்தர்களும் ஆசிரியர்களும் இங்கே பட்டதாரிகள் ஆனார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. இன்று பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த நிறுவனத்தின், அங்கீகரித்த படிப்பில் பெறும் தொலைநிலை அல்லது இணையவழிப் பட்டம், நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்கு ஈடானது. 2022 செப்டம்பரில் மானியக் குழு இதை மீண்டும் தெளிவுபடுத்தியது.

இந்த விடையோடு மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்தே வருகின்றன. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் படிப்புக்கு அது இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தில் இதை நீங்களே பார்க்கலாம். 2024 முதல் சேர்க்கைக்குமுன் மாணவர் தமக்கென ஓர் அடையாள எண்ணை அந்தப் பணியகத்தின் தளத்தில் உருவாக்கவும் வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் தருவதாக எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது எச்சரிக்கையே பலரை வீழ்த்துகிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்குத் தகுதியாக ஏற்பதில்லை என்று 2009 ஆகஸ்டில் அரசாணை வந்தது. எனக்குத் தெரிந்த சத்துணவு ஊழியர் ஒருவர், வகுப்பு எதுவும் முடிக்காமலே பட்டம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் படிப்பு மையத்தில் நகையை அடகு வைத்துச் சேர்ந்தார். மூன்றாண்டு கழித்துப் பட்டம் கையில் இருந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. பட்டம் பொய்யில்லை, படித்த வரிசைதான் தவறு.

சிக்னலும் மின்சாரமும் நின்றுவிட்டால் என்ன செய்வது?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு, டெல்டாவின் கிராமங்கள் பல வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தன. கைப்பேசியை நம்பிய பாடம் எதுவும் அப்போது நடந்திருக்க முடியாது. புயல் இல்லாத நாளிலும் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருவதைப் போலவே சிக்னலும் வருகிறது. ஆகவே, சிக்னல் கிடைக்கும்போதே குரல்பதிவுகளையும் படங்களையும் இறக்கி ஒரு மெமரி கார்டில் சேர்த்து வையுங்கள். பட்டன் கைப்பேசியிலும் அதைப் போட்டுக் கேட்கலாம். சிலேட்டையும் பல்பத்தையும் மூட்டை கட்டிவிட வேண்டாம்.

வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் கணவரிடமோ மகனிடமோ இருந்தால்?

இது பண்பாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும் விடை நடைமுறை சார்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பெண்களுக்கு மட்டும் எடுத்தால் அது 73 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஆக, கற்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கருவி ஆண்களின் சட்டைப் பையில் இருக்கிறது. மகளிர் குழுவின் கூட்ட நாளையே வகுப்பு நாளாக்கி, குழுத் தலைவியின் கைப்பேசியைப் பொதுக் கருவியாக்கிக் கொண்டது எங்கள் ஊரில் பலன் தந்தது. கணவரின் எண்ணுக்குப் பாடம் அனுப்பினால் அவரே முதலில் கேட்பார். அதில் ஒரு நன்மையும் உண்டு. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

கைப்பேசி பழகினால் மோசடியில் மாட்டிக்கொள்வார்களே?

பழகாதவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள், வித்தியாசம், அவர்களுக்கு அது தெரிய வருவதே தாமதமாக. ஓ.டி.பி. என்ற சொல்லை மூன்றாவது வாரத்திலேயே கற்பித்துவிடுங்கள்: அது வந்த செய்தியை அடையாளம் காணவும், அதை எவரிடமும், அதிகாரி என்று சொல்பவரிடமும், படித்துக் காட்டாமல் இருக்கவும் பழக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள்.

வாயால் சொன்னாலே கைப்பேசி தேடித் தருகிறது, படம் எடுத்தால் வாசித்தும் காட்டுகிறது. பிறகு எழுத்தைக் கற்பது எதற்கு?

அண்மையில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, கேட்பவர்கள் இளைஞர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. குரலில் கேட்டு வானிலையும் நெல் விலையும் அறிவது ஒரு பெரிய விடுதலை, அதைக் கற்பவரிடமிருந்து பறிக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே குரல்தேடலைக் காட்டிவிடுவது என் வழக்கம். கருவியின் மீது இருக்கும் அச்சம் அதில் பாதி போய்விடும்.

ஆனால் நடவு வேலை செய்யும் அந்த அம்மா போன மாசியில் நகைக்கடன் சீட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். கைப்பேசியால் படம் எடுத்து வாசிக்கச் செய்தோம். அச்சடித்த விதிகள் அனைத்தையும் அது தடையின்றி வாசித்தது. எடையும், வட்டியும், மீட்க வேண்டிய தேதியும் பேனாவால் கிறுக்கி நிரப்பப்பட்டிருந்தன. அந்த இடம் வந்தபோது கைப்பேசி ஏதோ உளறிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவர் சீட்டைத் திருப்பி வாங்கி, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து மெதுவாகப் படித்தார்: "பன்னெண்டு... நாலு. சித்திரை பொறக்குறதுக்குள்ள திருப்பணும் பாப்பா."